ஆல்ட்டோ வரிசையில் இசக்கியம்மாள்

தனக்குக் காது மந்தம் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்று இசக்கியம்மாள் நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் எதையாவது இப்படி மூடி வைத்து, மூடியின் மேல் தாங்களே ஏறி உட்கார்ந்துகொண்டு, யார் கண்ணிலும் படவில்லை என்று நம்பித்தான் காலத்தை ஓட்டுகிறோம். அவளை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை.

ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் போகிற வழியில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் உள்ளே போனவள், இப்போது பேரன் எடுத்துவிட்டாள். தறிகள் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை நன்றாக விரித்தும் குவித்தும் சத்தமே இல்லாமல் பேசிக்கொள்வார்கள். அந்த வாய்ச்சாடையில், நூல் அறுந்த சங்கதியிலிருந்து மேஸ்திரி வீட்டுச் சண்டை வரைக்கும் எல்லாமே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். நடுவில் நிற்கிற மேஸ்திரிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

தறி சும்மா இருக்குமா, கொஞ்சம் கொஞ்சமாக அவள் காதைத் தின்றது. முதலில் போனது குருவிச் சத்தம். அப்புறம் செல்போன் மணி. அதற்கப்புறம் மனிதர்களின் பேச்சு. சத்தம் வந்தது, சொல் வரவில்லை. வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. முகத்தைப் பார்த்தால் ஒரு வார்த்தை தப்பாமல் புரிந்துகொள்வாள். முகம் திரும்பிவிட்டால் போயிற்று. அப்படிப்பட்ட நேரத்தில் தலையை ஆட்டிச் சிரித்து வைப்பாள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி ஆட்டை அவிழ்த்துக்கொண்டே, குனிந்தவாக்கில், குட்டி செத்துப்போனதைச் சொல்லியிருக்கிறாள். "ரொம்ப சந்தோசம்" என்று இசக்கியம்மாள் சிரித்தாள். அதிலிருந்து அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. திருப்பூரில் இருக்கும் மகள் போன் போட்டால், "கையெல்லாம் மாவா இருக்கு, நீங்களே பேசுங்க" என்று புருஷனிடம் கொடுத்துவிடுவாள். மாவு இல்லாத நேரத்திலும் மாவுதான்.

புருஷன் தனுஷ்கோடி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். இயல்பிலேயே பேச்சு குறைவு. இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு எப்படி இருக்கும்? மிக்சி ஓடினால்தான் வீட்டில் ஆள் இருப்பது தெருவுக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவள் இங்கிலீஷ் பாட்டுப் பாடப் போனது தனிக்கதை. தறி ஓடும்போது தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருப்பது அவள் வழக்கம். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப் போகிறது? ஒரு நாள் பட்டென்று கரண்ட் போயிற்று. தறிகளெல்லாம் நின்றன. இசக்கியம்மாள் நிற்கவில்லை. கூடம் முழுக்க அவள் குரல் மட்டும் தனியாக நின்றது. எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டபோது, பக்கத்துத் தறி ஸ்வீட்லின் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, இம்புட்டு வச்சிக்கிட்டா சும்மா இருந்திய? ஞாயித்துக்கெழம எங்க சார்ட்ட வாங்க."

அந்த சார், எலியேசர். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். நாலு குரலில் பிரித்துப் பாடும் ஆங்கிலப் பாட்டுகளின் மேல் அவருக்குப் பைத்தியம். பெரிய ஊர்க்காரர்கள்தான் அதைப் பாட வேண்டுமா, நம்மால் ஆகாதா என்று, ஒரு டியூஷன் சென்டர் மாடியை ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கேட்டு வாங்கி, ஊர்ப் பொதுவில் ஒரு குழு சேர்த்தார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். கிறிஸ்தவ சபையில் பாடுகிறவர்கள் பாதி, மற்றவர்கள் பாதி என்று ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். இசக்கியம்மாளிடம் அவர் மதம் கேட்கவில்லை. இங்கிலீஷ் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, "இதப் பாடுங்க" என்றார். நல்லவேளை, அது கீழ்ச் சுருதி. தாழ்ந்த சத்தங்கள் மட்டும் அவள் காதில் இன்னும் பத்திரமாக இருந்தன. பாடினாள். "ஆல்ட்டோ" என்றார். பெண்களில் தணிந்த குரல்காரர்களுக்கு அதுதான் பெயர்.

ஆல்ட்டோ வரிசையில் அவளுக்கு இடப்பக்கம் ஸ்வீட்லின். வலப்பக்கம் கனகலட்சுமி, நூல் மில் வைத்திருக்கும் குடும்பம், வீட்டில் தெலுங்கு, வருவது காரில். மற்ற மூன்று பேரும் அதே தறிக்கூடம்தான். வார்த்தைகளை ஸ்வீட்லின் தமிழ் எழுத்தில் எழுதி, அடியில் அர்த்தத்தையும் எழுதிக் கொடுத்தாள். கண்ணை முன்னால் சாரின் கை மேல் வைத்துக்கொண்டு, ஓரப்பார்வையில் ஸ்வீட்லினின் உதட்டைப் பார்த்துக்கொண்டால் இசக்கியம்மாளுக்குப் போதும். மூன்று பேரின் தோளும் இடித்துக்கொண்டு நிற்பதால் சுருதி எலும்பு வழியாகவே வந்துவிடும். கனகலட்சுமி முதல் சில வாரம் வாயைத் திறக்காமலே பாடினாள். அப்புறம் என்ன ஆயிற்றோ, பல் டாக்டருக்குக் காட்டுகிற மாதிரி திறக்க ஆரம்பித்தாள். பாட்டு வந்துவிட்டால் பணக்காரர்களுக்கும் கூச்சம் போய்விடும்போல என்று இசக்கியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

அந்த மாடியில் பாட்டு ஏறும்போது அவள் நெஞ்சுக்கூட்டுக்குள் என்னவோ அதிரும். வாரம் முழுக்க வெளியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டவளை உள்ளே வா என்று கூப்பிட்ட மாதிரி இருக்கும். அதனால்தான் பயம். காது விஷயம் தெரிந்தால் இவர்கள் விரட்ட மாட்டார்கள், நல்ல மனிதர்கள். "நீங்க முன்னாடி உக்காந்து கேளுங்கக்கா" என்று நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். கேட்பதுதான் அவளால் முடியாத காரியம். இந்த வரிசையில் நிற்கிற இடமும் போய்விட்டால், மனிதக் குரல்களோடு அவளுக்கு இருக்கிற கடைசிச் சம்பந்தமும் போய்விடும்.

கச்சேரி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் என்று முடிவாயிற்று. முந்தின நாள் வைத்த கடைசி ஒத்திகையில் எலியேசர் ஒரு பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் பாட வைத்தார். அது ஒரு பழைய மாலைநேரப் பாட்டு. வெளிச்சம் இருந்த மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டாய், உனக்கு நன்றி என்கிற அர்த்தம் வரும். கீபோர்டு கிடையாது. ஆல்ட்டோ மட்டும் தனியாகத் தொடங்கும், பிறகு ஆண் குரல்கள் சேரும், உச்சக் குரல் பெண்களான சோப்ரானோக்கள் கடைசியில்தான். பாடி முடித்ததும் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஆல்ட்டோவுல ஒரு குரல் முன்னாடி வந்துருது," என்றார். "மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வருது. நாளைக்கு எல்லாரும் ஒண்ணா வரணும். யாருன்னு நான் சொல்லல. அவங்களுக்கே தெரியும்."

ஆல்ட்டோக்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இசக்கியம்மாள் மட்டும் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை. யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்குக் காது இருக்கிறது, ஒருவரையொருவர் கேட்டுச் சேர்ந்துகொள்கிறார்கள். கேட்காதவள்தானே முந்திக்கொண்டு ஓட முடியும்?

கீழே தனுஷ்கோடி வண்டியோடு நின்றிருந்தார்.

"என்ன ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல. தலைவலி."

அவர் வண்டியை எடுத்தார். வீடு போய்ச் சேருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வராமல் நின்றுவிட்டால் காரணம் கேட்பார்கள். போக வேண்டியது, புடவையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியது, வாயை மட்டும் அசைக்க வேண்டியது. சத்தமில்லாமல் வாயசைக்கிற வேலையில் அவளை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? கை கழுவாமல் இத்தனை நாள் தன்னைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்குப் பதிலுக்கு அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அவர்கள் கச்சேரியைக் கெடுக்காமல் இருப்பது.

மறுநாள் நாலு மணிக்கே மண்டபம் நிரம்பத் தொடங்கியது. சபைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கிருஷ்ணன்கோவிலிலிருந்து காலேஜ் பிள்ளைகள் கொஞ்சம் பேர் வந்து பின்னால் நின்றார்கள். கனகலட்சுமியின் சொந்தக்காரர்கள் பட்டுப்புடவையில் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். தறிக்கூடத்துப் பெண்கள் மூன்றாவது வரிசையில் மொத்தமாக உட்கார்ந்து, இசக்கியம்மாளுக்குக் கை காட்டினார்கள். வாசலில் தோரணத்தைப் பார்த்துவிட்டு மொய்க் கவரோடு உள்ளே வந்த ஒருவர், பெண்ணும் இல்லாமல் மாப்பிள்ளையும் இல்லாமல் மேடையில் இத்தனை பேர் ஒரே நிறத்தில் நிற்பதைப் பார்த்துத் திகைத்தார். ஆனாலும் வந்ததற்கு இருந்துவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்துவிட்டார்.

முதல் பாட்டு, வசந்த காலம் வந்ததைப் பற்றியது. இசக்கியம்மாள் வாயை அசைத்தாள். இரண்டாவது, கடலில் போகிறவர்களைப் பற்றியது. அதற்கும் அசைத்தாள். கீபோர்டு முன்னால் போயிற்று, சோப்ரானோக்கள் எடுத்தார்கள், மற்றவர்கள் தொற்றிக்கொண்டார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். ஒரு குறையும் இல்லை. தான் இல்லாமலும் எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது என்று அவள் பார்த்தாள். அதுதானே வேண்டியது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அழுகை முட்டியது. கல்யாண வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்புகிறவள் மாதிரி இருந்தது.

மூன்றாவது, மாலைநேரப் பாட்டு.

கீபோர்டு வாசிக்கிறவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். எலியேசர் ஆல்ட்டோக்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். கை இறங்கியது. இசக்கியம்மாள் அந்த இறக்கத்திலேயே வாயைத் திறந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தாள், ஸ்வீட்லின் வாய் திறந்திருந்தது, கனகலட்சுமி வாய் திறந்திருந்தது. சரி, எல்லோரும் ஒன்றாக வந்துவிட்டார்கள், சார் சந்தோஷப்படுவார் என்று அவளுக்குத் திருப்தி. முதல் வரி முழுவதையும், எங்கே தணிய வேண்டுமோ அங்கே தணிந்து, எங்கே மூச்செடுக்க வேண்டுமோ அங்கே எடுத்து, மிகுந்த பாவத்தோடு வாயசைத்தாள்.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

நம் ஊரில் பாட்டு என்றால் ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். கோயில் கும்மியாகட்டும், பஜனையாகட்டும், சபையில் பாடுகிற கீர்த்தனையாகட்டும், யாராவது ஒரு தைரியசாலி முதல் சொல்லை எடுத்தால், மற்றவர்கள் அடுத்த சொல்லில் ஏறிக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து பழகினது, இங்கிலீஷ் பாட்டு என்பதற்காகப் போய்விடுமா? ஆல்ட்டோ வரிசை முழுக்க, தங்களுக்கே தெரியாமல், இத்தனை மாதமும் ஒரு குரல் எடுத்துக் கொடுத்துத்தான் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் யாரையும் கேட்டுக் காத்திருக்காது. சாரின் கையை மட்டும் பார்த்து, கை இறங்கின இடத்தில் சரியாக வந்து நிற்கும். இன்றைக்கு எல்லோரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் குரலுக்காக நின்றார்கள். அது வரவில்லை.

சபைக்காரர்களில் பாதிப் பேர் இது மௌன ஜெபம் என்று நினைத்துத் தலையைக் குனிந்தார்கள். பட்டுப்புடவைக்காரர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் குனிந்தார்கள். மொய்க் கவர்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார். விழித்துக்கொண்டிருந்தது மூன்றாவது வரிசைதான். அங்கிருந்து தறிக்கூடத்துப் பாண்டிசெல்வி, எலியேசரின் தோளுக்கு மேலாக இசக்கியம்மாளைப் பார்த்து, உதட்டை அகல விரித்தாள்.

*ஏட்டி இசக்கி, சத்தம் வரல. ஒருத்திக்கும் வரல.*

இசக்கியம்மாள் வாயசைப்பை நிறுத்தினாள். பக்கத்தில் பார்த்தாள். ஸ்வீட்லின் கண்ணில் தண்ணீர் நின்றது. பின்வரிசை ஆண்கள் மீன் மாதிரி விழித்துக்கொண்டிருந்தார்கள். எலியேசரின் கை இன்னும் காற்றில் இருந்தது, ஆனால் எதையும் நடத்தவில்லை. அவர் இசக்கியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. ஏதோ ஒன்று அப்போதுதான் விளங்கின மனிதரின் முகமாக அது இருந்தது.

அவர் கையைத் தாழ்த்தினார். ஓர் அடி முன்னால் வந்தார். ஜனங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகுதான். சத்தமில்லாமல், உதட்டை விரித்து, குவித்து, புதிதாகச் சைக்கிள் பழகுகிறவர் மாதிரித் தட்டுத்தடுமாறி அவர் பேசினார்.

*ஏன் பாடல?*

அவள் உதடு தானாகப் பதில் சொன்னது. *நான் முந்திருவேன் சார். கெட்டுப்போயிரும்.*

*நீங்க முந்தல. இவங்க பிந்துதாங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.* உதட்டை ஒரு தடவை ஈரப்படுத்திக்கொண்டார். *நீங்க எடுத்துக் குடுங்க. எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்காவ.*

அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பாட்டு ஞாபகத்துக்கு வரவில்லை. சார் இந்தப் பேச்சை எங்கே படித்தார் என்பதுதான் மனசில் ஓடியது. தறிக்கூடத்துப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்தவரில்லை. யாராவது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒழிய இது வராது. அப்படியானால் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்திருந்தால் ஸ்வீட்லினுக்குத் தெரியும்.

யோசிக்க அவகாசம் இல்லை. கை உயர்ந்துவிட்டது.

கை இறங்கியது. இசக்கியம்மாள் குரலை விட்டாள். கொஞ்சம் நடுங்கித்தான் வந்தது. அவள் காதுக்கு அவள் குரல் மட்டும்தான் கேட்டது. அதுவும் வெளியிலிருந்து வரவில்லை, தாடைக்குள்ளிருந்து வந்தது. தான் தனியாகத்தான் பாடுகிறோமோ என்று ஒரு கணம் பயந்தாள். அடுத்த சொல்லில் இடது தோள் அதிர்ந்தது. வலது தோள் அதிர்ந்தது. ஏறிக்கொண்டுவிட்டார்கள். இரண்டு பேருடைய சுருதியும் அவள் எலும்பில் வந்து உட்கார்ந்தபோது அவள் கண்ணை மூடவில்லை, மூடினால் கை தெரியாது. ஆனால் கண்ணீர் அது பாட்டுக்கு வழியட்டும் என்று விட்டுவிட்டாள். பின்னால் ஆண் குரல்கள் சேர்ந்தன. அது மேடைப் பலகை வழியாக உள்ளங்காலில் ஏறியது. கடைசியில் சோப்ரானோக்கள் வந்தார்கள். அந்த உச்சக் குரல் அவளுக்குக் கேட்காது, இனிமேலும் கேட்காது. அவர்கள் வாயைப் பார்த்தாள். நன்றாகத்தான் பாடுகிறார்கள் என்று தெரிந்தது.

பாட்டு முடிந்து கை தட்டல் எழுந்ததையும் அவள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மொய்க் கவர்க்காரர் இன்னும் உட்காரவே இல்லை. நின்றவாக்கில் தட்டிக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் இட்லியும் கேசரியும் ஏற்பாடு ஆகியிருந்தது. ஆல்ட்டோக்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். இசக்கியம்மாள் இட்லியைத் தொடவில்லை.

"எம்புட்டு நாளா தெரியும்?" என்று ஸ்வீட்லினைக் கேட்டாள்.

ஸ்வீட்லின் கனகலட்சுமியைப் பார்த்தாள். கனகலட்சுமி கேசரியைப் பார்த்தாள்.

"மொத நாள்ல இருந்தே, அக்கா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். சார் எங்க எல்லாரையும் நிக்க வச்சு, வாயை நல்லாத் தெறந்து பாடணும், இசக்கியம்மா பக்கம் மூஞ்சிய லேசாத் திருப்பி வச்சிக்கிடணும்னு சொன்னாரு. அவருக்கு நான்தான் நம்ம பேச்சச் சொல்லிக்குடுத்தேன். அவருக்கு ழகரமே வராது. உதட்ட வச்சிக்கிட்டு என்னமோ பண்ணுவாரு."

"கண்ணாடி முன்னாடி நின்னு நான் எத்தனை நாள் வாயைத் திறந்து மூடியிருக்கேன் தெரியுமா?" என்றாள் கனகலட்சுமி. "எங்க வீட்டுக்காரர் பயந்தே போயிட்டார். பைத்தியம் பிடிச்சிருச்சான்னு எங்க அத்தைகிட்டே கேட்டிருக்கார்."

பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இத்தனை மாதம், இத்தனை பேர், தன் ஒருத்திக்காக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், கழுத்து வலித்திருக்காதா? தான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்ததை, அவர்கள் சேர்ந்து ஒளித்துக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

"பொறவு ஏன் யாரும் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க சொல்லலையே அக்கா," என்றாள் ஸ்வீட்லின். "சொல்லணும்னு தோணுனா நீங்களே சொல்லுவியன்னு இருந்தோம்."

கனகலட்சுமி அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். "உங்களுக்குக் கேக்காதுன்னு எங்களுக்குத் தெரியும், இசக்கியம்மா. நீங்க இல்லாம எங்களுக்குத் தொடங்க வராதுங்கறது இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அந்த மேடையில நின்னப்ப எனக்கு உயிரே போயிருச்சு."

இசக்கியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மில் முதலாளி வீட்டுக் கை, கேசரியும் நெய்யுமாக இருந்தது. நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். குரல் வரவில்லை; உதடு மட்டும்தான் அசைந்தது. அந்தப் பந்தியில் அதைப் படிக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

எலியேசர் இலைக்கு இலை விசாரித்துக்கொண்டே வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"சார், உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் தயங்கினார். சொல்லக்கூடாதென்று வாக்குக் கொடுத்தவர் முழிக்கிற முழி.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. மொத நாள் உங்கள எறக்கிவிட்டுட்டுப் போனவரு, நீங்க மாடி ஏறுனதும் திரும்பி வந்து என்னைக் கீழ கூப்பிட்டுவிட்டாரு. அவளுக்குக் காது மட்டு, மூஞ்சியப் பாத்தாப் புரிஞ்சிக்கிடுவா, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதியன்னாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

இசக்கியம்மாள் கை கழுவிவிட்டு வெளியே வந்தாள். வெயில் இறங்கிவிட்டிருந்தது. தனுஷ்கோடி லோடு ஆட்டோவின் பின்கதவைத் திறந்து, பாடகர்கள் நின்று பாடிய பலகைகளை ஏற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். கச்சேரி முழுவதும் பின்னால் நின்று கேட்டிருக்கிறார் போலிருந்தது. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார்.

"நீங்கதான் சார்ட்டச் சொன்னியளா?"

அவர் கதவுச் சங்கிலியை மாட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னவோ சொன்னார். தோள் அசைவிலிருந்து, சொன்னது மட்டும் தெரிந்தது.

வேறு நாளாக இருந்தால் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு வண்டியில் ஏறியிருப்பாள். இசக்கியம்மாள் அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எனக்குக் காது கேக்காது," என்றாள். "இங்கிட்டுப் பாத்துச் சொல்லுங்க."

அந்த வார்த்தையை அவள் வாயால் அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அவர் சங்கிலியை விட்டுவிட்டு, அவள் முகத்துக்கு நேராக நின்றார்.

"பாட்டுக்குப் போயிட்டு வார அன்னைக்குத்தான் நீ வீட்டுல பேசுத," என்றார். "மத்த நாள்ல ஒரு பேச்சு இல்ல. அங்கயும் போக முடியாம ஆயிட்டா, நான் யார்ட்டப் போய்ப் பேச?"

ஒரு எழுத்துக்கூட விட்டுப்போகாமல் அவளுக்குப் புரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன் சீட்டில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டுவதற்குள் மொய்க் கவர்க்காரரில் தொடங்கினாள். கனகலட்சுமியின் கண்ணாடி, சாரின் உதடு, பாண்டிசெல்வியின் எச்சரிக்கை, திருப்பூர் மகளிடம் இனி வீடியோவில் பேசப் போவது என்று ராஜபாளையம் வருகிற வரைக்கும் வாய் ஓயவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவரால் திரும்பிப் பதில் சொல்ல முடியாது. தனுஷ்கோடி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.